தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு: சிறு நிறுவன உரிமையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காப்பீட்டு அலுவலகங்களில் இன்றும் "டபிள்யூ.சி. பாலிசி" என்றே அழைக்கப்படும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டைப் பற்றித் தமிழ்நாட்டின் பட்டறை, பின்னலாடை, வார்ப்பட, கட்டுமானத் தொழில் நடத்துவோர் பொதுவாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்பட்டுள்ளன. பாலிசிக்கு அடிப்படையாக நிற்கும் சட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் பாலிசியைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால், விடைகளில் பாதி சட்டத்தைப் பற்றியதாகவே இருக்கும்.

இந்தப் பாலிசி யாருக்குப் பாதுகாப்பு? தொழிலாளிக்கா, முதலாளிக்கா?

முதலாளிக்கு. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நேர்ந்து ஒரு தொழிலாளி இறந்தாலோ ஊனமுற்றாலோ அவருக்கு அல்லது அவர் குடும்பத்துக்கு இழப்பீடு தர வேண்டிய கடமையைச் சட்டம் நேரடியாக வேலையளிப்பவர் மீது சுமத்துகிறது. முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. விபத்து வேலையோடு தொடர்புடையது என்று காட்டினாலே போதும். அவ்வாறு எழும் பொறுப்பை, பாலிசியில் ஒப்புக்கொண்ட அளவுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொள்கிறது. பாலிசி இல்லை என்பதற்காகவோ, பாலிசி காலாவதியாகிவிட்டது என்பதற்காகவோ, கிளைமை நிறுவனம் மறுத்துவிட்டது என்பதற்காகவோ தொழிலாளிக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு ரூபாயும் குறையாது. அது முதலாளியின் சொந்தப் பணத்திலிருந்து போகும். கீழே வரும் விடைகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

2025 நவம்பரில் சட்டம் மாறியதே, பழைய பாலிசி செல்லுமா?

1923-இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்த சட்டம் 2010-இல் "பணியாளர் இழப்பீட்டுச் சட்டம்" எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தை 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பழைய சட்டத்தின் சாரம் அந்தத் தொகுப்பின் ஏழாம் அத்தியாயத்துக்குள் சென்றது. இழப்பீட்டின் அடிப்படைக் கணக்கும், விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்ற கொள்கையும் மாறவில்லை. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

உங்கள் பாலிசியில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் மட்டும் அச்சாகியிருந்தால், அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் கீழ் எழும் பொறுப்பும் அடங்கும் என்று ஒரு எண்டார்ஸ்மெண்ட் (பாலிசியோடு இணைக்கப்படும் திருத்தக் குறிப்பு) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பதைவிட இது எளிது.

நாங்கள் இ.எஸ்.ஐ. கட்டுகிறோம். இதற்கு மேல் டபிள்யூ.சி. பாலிசி எதற்கு?

மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இந்தக் கேள்விதான். 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருவர், மாற்றுத் திறனாளிகளுக்கு இந்த வரம்பு 25,000 ரூபாய். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். இத்திட்டத்துக்குள் வரும் தொழிலாளிக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் இ.எஸ்.ஐ. கழகமே பலன்களை வழங்கும்; அதே விபத்துக்காக அவர் முதலாளியிடம் சட்டப்படியான இழப்பீட்டைத் தனியே கோர முடியாது. எனவே அவருக்காக டபிள்யூ.சி. பாலிசி எடுப்பது வீண் செலவு.

பாலிசி தேவைப்படுவது இ.எஸ்.ஐ. வலைக்கு வெளியே நிற்பவர்களுக்கு. 10 பேருக்குக் குறைவான பட்டறை என்றால் எல்லோருக்கும் தேவை. பெரிய நிறுவனம் என்றால் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர், டூல் ரூம் ஃபிட்டர், அனுபவமுள்ள வெல்டர் ஆகியோருக்குத் தேவை. தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, அலுவலகப் பணியாளர்களுக்கு மெடிக்ளெய்ம் இருக்கிறது என்று எண்ணி, இரண்டுக்கும் நடுவே இயந்திரத்தருகே நிற்கும் சூப்பர்வைசரை மறந்துவிட்ட நிறுவனங்கள் ஏராளம்.

ஊதிய உயர்வின்போது இன்னொரு நுணுக்கம் உண்டு. பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையும் கணக்கிடப்படுகிறது. ஜூலையில் ஒருவரின் ஊதியம் 20,500 ரூபாயிலிருந்து 22,000 ரூபாயாக உயர்ந்தால், செப்டம்பர் 30 வரை அவர் இ.எஸ்.ஐ.யிலேயே நீடிப்பார், அக்டோபர் 1 அன்று வெளியே வந்துவிடுவார். அன்றைய தேதியிலிருந்தே அவர் பெயர் பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். சம்பளக் கணக்கு எழுதுபவருக்கும் காப்பீட்டைப் புதுப்பிப்பவருக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லாத நிறுவனங்களில் இந்த இடைவெளி மாதக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும்.

இ.எஸ்.ஐ.க்குப் பதிலாக டபிள்யூ.சி. பாலிசி மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன?

அது உங்கள் விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயம் அல்ல. இ.எஸ்.ஐ. பொருந்தும் நிறுவனம் அதில் பதிவு செய்யாமல் இருந்தால், தொழிலாளிக்குப் பலனைக் கொடுத்துவிட்டு அந்தச் செலவை முதலாளியிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ. கழகத்துக்கு அதிகாரம் உண்டு. டபிள்யூ.சி. பாலிசி உதவிக்கு வராது. அது இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் எழும் பொறுப்பை ஏற்பது, இங்கே எழுவதோ இ.எஸ்.ஐ. விதிகளின் கீழான பாக்கி. பிரீமியமும் போய், வசூல் ஆணையும் வந்து சேரும்.

தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் இ.எஸ்.ஐ. பெரும்பாலும் மேலானது என்பதையும் சொல்ல வேண்டும். தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்தில் இ.எஸ்.ஐ. தருவது ஊதியத்தில் 90 சதவீதம். இழப்பீட்டுச் சட்டம் தருவது 50 சதவீதத்துக்குச் சமமான தொகை மட்டுமே, அதுவும் உச்சவரம்புக்கு உட்பட்ட ஊதியத்தில்.

இந்தப் பாலிசி கட்டாயமா?

இழப்பீடு தருவது கட்டாயம். அதற்குக் காப்பீடு எடுப்பதைப் பொதுவான கட்டாயமாக 1923-ஆம் ஆண்டுச் சட்டம் ஆக்கவில்லை. சரக்கு வாகனம் போன்றவை வைத்திருப்போருக்கு மட்டும், ஓட்டுநர் தொடர்பான இழப்பீட்டுப் பொறுப்பை வாகனக் காப்பீட்டில் சேர்ப்பதை மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. நடைமுறையில், பெரிய தொழிற்சாலைக்குள் பராமரிப்பு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரிடம் இ.எஸ்.ஐ. சலானோ டபிள்யூ.சி. பாலிசி நகலோ இல்லாமல் கேட் பாஸ் தருவதில்லை என்பதால், சட்டம் கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் கேட்பார்.

இழப்பீட்டுத் தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது?

மூன்று எண்கள் தேவை: மாத ஊதியம், வயதுக்கான காரணி, ஊனத்தின் சதவீதம்.

ஊதியம் எவ்வளவாக இருந்தாலும், 2020 ஜனவரி 3 முதல் நடப்பில் உள்ள அறிவிக்கையின்படி மாதம் 15,000 ரூபாய் வரையே கணக்கில் கொள்ளப்படும். வயது கூடக் கூட காரணி குறையும்: 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09, 60 வயதுக்கு 117.41. இறப்புக்கு ஊதியத்தின் 50 சதவீதத்தையும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதத்தையும் இந்தக் காரணியால் பெருக்க வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறைந்தபட்சத் தொகை இறப்புக்கு 1,20,000 ரூபாய், முழு ஊனத்துக்கு 1,40,000 ரூபாய்.

கோவையில் ஒரு பவர் பிரஸ் பட்டறையை எடுத்துக்கொள்வோம். ஆறு பேர் வேலை செய்யும் இடம் என்பதால் இ.எஸ்.ஐ. இல்லை. 25 வயது ஆபரேட்டர், மாத ஊதியம் 18,000 ரூபாய். வாஷர் பஞ்ச் செய்யும்போது பீஸ் ரேட்டுக்காக வேகம் கூட்டியதில் டை இறங்கி, வலது கையில் கட்டைவிரல் நீங்கலாக மற்ற நான்கு விரல்களும் துண்டாகிவிடுகின்றன. கணக்கில் வரும் ஊதியம் 15,000 ரூபாய்; அதில் 60 சதவீதம் 9,000 ரூபாய்; அதை 216.91 ஆல் பெருக்கினால் 19,52,190 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. ஒரு கையின் நான்கு விரல்களை இழப்பதைச் சட்டத்தின் அட்டவணை 50 சதவீதம் என்று மதிப்பிடுவதால், அந்த அட்டவணைப்படி இழப்பீடு 9,76,095 ரூபாய். கட்டைவிரல் மட்டும் போயிருந்தால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போயிருந்தால் 14 சதவீதம். அவர் இறந்திருந்தால் அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது 16,26,825 ரூபாய்.

அட்டவணைச் சதவீதம் என்பது தொடக்கப் புள்ளிதான். அந்த மனிதர் செய்துவந்த வேலைக்கு அந்த உறுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் கூறிவருகின்றன. ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து, அவரது இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்ட வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதிசெய்தது. அதே தீர்ப்பில், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு அதிகாரி தீர்ப்பளிக்கும் நாளில் அல்ல, விபத்து நடந்த நாளிலேயே பிறந்துவிடுகிறது என்றும் கூறியது. ஆகவே மேலே சொன்ன பிரஸ் ஆபரேட்டருக்கு 9.76 லட்சத்தோடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைக்க வேண்டாம்.

தற்காலிகக் காயத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் என்ன?

தற்காலிகமாக வேலை செய்ய முடியாதவருக்கு மாத ஊதியத்தின் 25 சதவீதத்தை அரைமாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். 15,000 ரூபாய் ஊதியத்துக்கு இது 3,750 ரூபாய். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். மூன்று நாளுக்கு மேல் நீடிக்காத காயத்துக்கு இழப்பீடு இல்லை. இயலாமை 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கு உண்டு.

மருத்துவச் செலவு இதற்குப் புறம்பானது. வேலையில் ஏற்பட்ட காயத்துக்கான உண்மையான சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்று 2010-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் கூறிவிட்டது. ஆனால் பல பாலிசிகளில் மருத்துவச் செலவு என்பது கூடுதல் பிரீமியம் செலுத்திப் பெற வேண்டிய தனிச்சேர்க்கை; அதிலும் ஒரு நபருக்கு இவ்வளவு என வரம்பு இருக்கும். விலை குறைவாகச் சொல்லும் கொட்டேஷனில் முதலில் காணாமல் போவது இதுதான். விரலை மீண்டும் இணைக்கும் அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனையில் ஆகும் செலவை விசாரித்துவிட்டு வரம்பைத் தேர்ந்தெடுங்கள்.

தொழில்சார் நோய்களுக்கு?

சட்டத்தின் அட்டவணையில் உள்ள நோய்கள் விபத்துக்குச் சமமாகக் கருதப்படும். வார்ப்படத் தொழிலிலும் கல்குவாரியிலும் மணல் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் அவற்றுள் ஒன்று. பாலிசியில் இதையும் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிரீமியம் எதன் அடிப்படையில்? ஊதியத்தைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையுமே?

தொழிலின் அபாயம், ஒவ்வொரு வகைத் தொழிலாளரின் எண்ணிக்கை, ஓராண்டில் அவர்களுக்குத் தரப்போகும் மொத்த ஊதியம் ஆகியவற்றைக் கொண்டு பிரீமியம் கணக்கிடப்படுகிறது. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கணக்குப் பிள்ளைக்கு ஒரு விகிதம், உயரத்தில் ஏறி வெல்டிங் செய்பவருக்கு வேறொரு விகிதம். தொடக்கத்தில் நீங்கள் தருவது மதிப்பீடு. ஆண்டு முடிந்ததும் உண்மையில் கொடுத்த ஊதியத்தை அறிவித்து, வித்தியாசத்தைக் கட்டவோ திரும்பப் பெறவோ வேண்டும். இந்த ஆண்டிறுதி அறிவிப்பைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை.

குறைத்துக் காட்டினால் பிரீமியம் குறையும் என்பது உண்மை. அதனால் மிச்சமாவது சில ஆயிரம். ஆபத்துக்குள்ளாவது பல லட்சம். அறிவித்த ஊதியத்துக்கும் உண்மையான ஊதியத்துக்கும் உள்ள விகிதத்தில் கிளைம் தொகையைக் குறைக்கும் ஷரத்து உள்ள பாலிசிகள் உண்டு. அத்தகைய பாலிசியில் 18 லட்சம் ஆண்டு ஊதியத்தை 9 லட்சம் என்று எழுதியிருந்தால், பத்து லட்சம் கிளைமில் ஐந்து லட்சம் உங்கள் தலையில் விழலாம்.

விபத்துக்குப் பிறகு காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் விசாரணையாளர் முதலில் கேட்பது வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு, வங்கிக் கணக்கு விவரம், வருகை பதியும் பஞ்சிங் மெஷினின் பதிவு. பாலிசியில் எட்டுப் பேர், பஞ்சிங் மெஷினில் பதினான்கு பேர் என்று இருந்தால், விபத்துக்குள்ளானவர் அந்த எட்டுப் பேருக்குள் இருந்தார் என்று காட்டுவது கடினம். அதோடு பதினான்கு பேர் என்பது இ.எஸ்.ஐ. பதிவு செய்யாமல் இருந்ததற்கும் சான்றாகிவிடும். ஊதியத்தில் பாதியை வங்கியிலும் பாதியைக் கவரில் வைத்து ரொக்கமாகவும் கொடுக்கும் வழக்கம் உள்ள இடங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது: தொழிலாளி தரப்பு முழு ஊதியத்துக்கும் சாட்சி கொண்டுவரும், பாலிசியோ பாதி ஊதியத்தையே அறியும்.

தொழிலின் தன்மையையும் உள்ளபடி எழுதுங்கள். "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்" என்று மட்டும் எழுதிவிட்டு, வாடிக்கையாளர் இடத்தில் கூரை ஷீட் மாற்ற ஆள் அனுப்பினால், உயரத்தில் செய்யும் வேலையும் வெளியிடத்தில் செய்யும் வேலையும் பாலிசிக்குள் வருமா என்ற கேள்வி எழும். பாலிசியில் வேலை நடக்கும் இடமாக உங்கள் பட்டறை முகவரி மட்டும் இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை சாதகமாக இராது.

மேஸ்திரி அழைத்துவரும் ஆட்களுக்கும் நான் பொறுப்பா?

உங்கள் தொழிலின் பகுதியாக உள்ள ஒரு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால், அவருடைய ஆளுக்கு நேரும் விபத்துக்கும் முதன்மை வேலையளிப்பவராகிய உங்களிடம் இழப்பீடு கோரலாம். கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் ஒரு லேபர் மேஸ்திரியிடமிருந்து பத்து லட்சம் வசூலிப்பது ஏட்டில் மட்டுமே நடக்கும். ஆகவே பாலிசியில் ஒப்பந்தக்காரரின் தொழிலாளர்களையும், அவர்களுக்கான ஊதியத்தையும் தனியே அறிவித்துச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அவர்கள் பாலிசிக்கு வெளியே.

தினக்கூலி, தற்காலிக ஆள் என்ற வாதமும் செல்லாது. தற்காலிக வேலையாட்கள் தொடர்பான விலக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தமே சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது.

பட்டாசுத் தொழிலில் காணப்படும் உள்குத்தகை வழக்கம் இதைவிட மோசமான சிக்கலை உண்டாக்குகிறது. உரிமம் ஒருவர் பெயரில், பாலிசியும் அவர் பெயரில். அறைகளைக் குத்தகைக்கு எடுத்து ஆள் வைத்துக் கூலி கொடுப்பவர் இன்னொருவர். வெடி விபத்துக்குப் பின், இறந்தவர் பாலிசிதாரரின் ஊழியரே அல்ல என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடும்போது, உரிமதாரரால் உண்மையைச் சொல்லவும் முடியாது, மறைக்கவும் முடியாது. உரிம நிபந்தனைக்கு மாறாகச் செய்ததை எந்த எண்டார்ஸ்மெண்ட்டாலும் சரிசெய்ய இயலாது.

வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தும், வேலையிடத்தில் வந்த மாரடைப்பும் இதில் அடங்குமா?

வழியில் நடந்த விபத்து குறித்த சட்டம் நெடுநாள் தெளிவில்லாமல் இருந்தது. உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து படகில் கழிமுகத்தைக் கடக்கையில் மூழ்கி இறந்த வழக்கில், அது வேலையின்போது நேர்ந்த விபத்து அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் கூறியது. அங்கிருந்து சட்டம் வெகுதூரம் வந்துவிட்டது. இரவுப் பணிக்காகச் சர்க்கரை ஆலைக்கு மோட்டார் சைக்கிளில் சென்ற காவலாளி ஆலையை அடையும் முன்பே விபத்தில் இறந்த வழக்கில், அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்று அதே நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. புதிய தொகுப்புச் சட்டம் இதை எழுத்திலேயே சேர்த்துள்ளது: வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, அது நடந்த சூழல், நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்ததாகவே கருதப்படும். உங்கள் பாலிசியில் பயண விபத்தை விலக்கும் ஷரத்து எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சட்டப் பொறுப்பு உங்களிடமும், காப்பு இல்லாமையும் உங்களிடமும் இருக்கும்.

மாரடைப்பில் கேட்கப்படுவது, வேலையின் சுமை அதைத் தூண்டியதா என்பது. நெடுந்தொலைவு லாரி ஓட்டிவந்து, உடல்நிலை சரியில்லாமல் வண்டியைச் சாலையோரம் நிறுத்திய ஓட்டுநர் இறந்த வழக்கில் 2012-இல் இழப்பீடு வழங்கப்பட்டது. பயணிகளைக் கோயிலுக்கு அழைத்துச் சென்று, குளத்துப் படியில் அமர்ந்திருந்தபோது வழுக்கி விழுந்து இறந்த ஓட்டுநரின் வழக்கில் 2009-இல் மறுக்கப்பட்டது. இருவரும் பணியில்தான் இருந்தனர்; முதலாமவரின் இறப்புக்கு வேலையோடு காரணத் தொடர்பு இருந்தது, இரண்டாமவருக்கு இல்லை என்பதே வேறுபாடு.

தொழிலாளி குடித்திருந்தார், அல்லது இயந்திரத்தின் பாதுகாப்பு கார்டைக் (தடுப்பை) கழற்றிவிட்டு வேலை செய்தார். அப்போதும் கொடுக்க வேண்டுமா?

மது அல்லது போதையின் நேரடி விளைவு, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றுதல் ஆகிய மூன்றும் முதலாளிக்குச் சட்டம் தரும் எதிர்வாதங்கள். ஆனால் விபத்தின் விளைவு இறப்போ நிரந்தர முழு ஊனமோ என்றால் இந்த எதிர்வாதங்கள் எடுபடாது. மற்றவற்றிலும், கார்டைக் கழற்றினால் உற்பத்தி கூடும் என்பதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த முதலாளிக்கு இந்த வாதம் பயன் தருவது அரிது. எழுத்தில் தந்த பாதுகாப்பு விதியும், மீறியவருக்குக் கொடுத்த மெமோவும் கையில் இருந்தால்தான் பேசவே முடியும்.

விபத்து நடந்த உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிகிச்சை. அதே நாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தகவல். முகவரிடம் தொலைபேசியில் சொன்னது அறிவிப்பாகாது. இறப்போ கடுமையான காயமோ என்றால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரிக்கு ஏழு நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் தனியே தெரிவிக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. போலீஸ் விசாரணையைத் தவிர்க்க எண்ணிச் செய்யப்படும் அந்த ஒற்றை வரி, பின்னால் காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுக்க முதல் சான்றாக நிற்கும்.

குடும்பத்தாரோடு பேசி ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாமா?

இறப்பு இழப்பீட்டை அவ்வாறு முடிக்க இயலாது. இறந்தவரின் குடும்பத்திடம் முதலாளி நேரடியாகக் கொடுத்த பணத்தைச் சட்டம் இழப்பீடாகவே கருதாது. முழுத்தொகையையும் உரிய அதிகாரியிடம் செலுத்த வேண்டும். 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் அந்தப் பொறுப்பில் இருந்துவந்தார். புதிய தொகுப்பு அந்த அதிகாரத்தை அரசு நியமிக்கும் தகுதிபெற்ற அதிகாரிக்குத் தருகிறது. அவர்தான் மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோருக்குப் பங்கிட்டு வழங்குவார். முன்பணமாக மூன்று மாத ஊதியத்துக்குச் சமமான தொகையை மட்டும் சார்ந்திருப்போருக்கு நேரில் தரலாம். அதுவே பின்னர் கழிக்கப்படும்.

வடமாநிலத் தொழிலாளி இறக்கும்போது இதுதான் அடிக்கடி தவறுகிறது. உடலை விமானத்தில் அனுப்பி, உடன் வந்த சித்தப்பாவிடம் மூன்று லட்சத்தைக் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு விஷயம் முடிந்தது என்று முதலாளி நினைப்பார். விபத்து நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை, மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே மனுத் தாக்கல் செய்யலாம். அந்த முத்திரைத்தாள் அங்கே எடுபடாது. உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. காப்பீட்டு நிறுவனமோ தன் ஒப்புதலின்றி உடன்பாடு செய்ததைக் காரணம் காட்டும்.

இறப்பல்லாத ஊனத்தில் உடன்பாடு செய்துகொள்ளலாம். அதை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை குறைவு என்று அவருக்குத் தோன்றினால் பதிவை மறுப்பார்.

தாமதமானால் வரும் வட்டியையும் அபராதத்தையும் பாலிசி ஏற்குமா?

பொறுப்பு எழுந்த ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டியும், தகுந்த காரணமின்றித் தாமதித்தால் இழப்பீட்டின் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். அபராதம் முதலாளியின் சொந்தத் தவறுக்கானது என்பதால் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது என்று உச்ச நீதிமன்றம் 1997-இல் தெளிவுபடுத்தியது. வட்டியையும் ஒப்பந்தத்தின் மூலம் விலக்கிக்கொள்ளக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று 2006-இல் கூறியது. வழக்கு நான்கு ஆண்டு நீண்டால் வட்டி மட்டும் இழப்பீட்டின் பாதியை நெருங்கும். எனவே வட்டி விலக்கப்பட்டுள்ளதா என்பதைப் பாலிசியின் விலக்குப் பகுதியில் படித்துப் பாருங்கள். பொறுப்பில் எவ்வளவை ஒப்புக்கொள்கிறீர்களோ அவ்வளவை உடனே செலுத்திவிட்டு, மீதியைப் பற்றி வழக்காடுவது செலவைக் குறைக்கும் வழி.

குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறோம். அது போதாதா?

போதாது. குழு விபத்துக் காப்பீடு, விபத்து எங்கே நடந்தாலும் குறிப்பிட்ட தொகையைத் தரும் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தத் தொகை தொழிலாளியின் பலன். உங்கள் சட்டப்பொறுப்பைத் தீர்க்காது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தரும் உதவித்தொகைக்கும் இதே விடைதான்.

உரிமையாளரும் பங்குதாரரும் இதில் சேர்வார்களா?

சேர மாட்டார்கள். அவர்கள் தமக்கே ஊழியர்கள் அல்லர். இயந்திரத்தில் தாமே நிற்கும் உரிமையாளர் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

காப்பீட்டு நிறுவனம் கிளைமை மறுத்தால்?

மறுப்புக்கான காரணத்தையும் பாலிசியின் எந்த ஷரத்து என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தொழிலாளி மனுத் தாக்கல் செய்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சொல்லி அதிகாரியிடமே விண்ணப்பிக்கலாம். பாலிசி யாரைக் கட்டுப்படுத்தும் என்பது அங்கேயே தீர்மானிக்கப்படும். தனி உரிமையாளர் நிறுவனமும் குறு நிறுவனமும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. அதிகாரியின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். மேல்முறையீடு செய்யும் முதலாளி, உத்தரவிட்ட இழப்பீடு முழுவதையும் செலுத்திவிட்டதற்கான அதிகாரியின் சான்றிதழை மனுவோடு இணைத்தாக வேண்டும்.